பறவைக் காய்ச்சல் இழப்பீடு: யாருக்குக் கை கொடுக்கிறது, யாரைக் கை விடுகிறது

பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளை அழிக்கும்போது அரசு கொடுக்கும் இழப்பீட்டை ஒரு சேவையாக எடுத்து மதிப்பிடலாம். முட்டைக்கோழிக்காரருக்கு ஒரு பங்கு நஷ்டம் திரும்பும். கேரளத்து வாத்துக்காரருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். கறிக்கோழிக்காரருக்குப் பல நேரம் குஞ்சு வாங்கிய காசுகூடத் தேறாது. பணத்தில் மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி போடுகிறது. ஆனால் கைக்கு வரும் தொகையைத் தீர்மானிப்பது, கோழிகளை அழிக்க வரும் குழு அன்றைக்கு எழுதும் கணக்குத் தாள்தான்.

முதலில் விகிதம். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் நோய் பரவியபோது நடைமுறையில் இருந்த அட்டவணை இது: முட்டைக்கோழி 8 வாரம் வரை 20 ரூபாய், அதற்கு மேல் 90. கறிக்கோழி 6 வாரம் வரை 20, அதற்கு மேல் 70. முட்டை ஒன்றுக்கு 3 ரூபாய், தீவனம் கிலோவுக்கு 12 ரூபாய். விகிதங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் நடப்பு அட்டவணையை மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அட்டவணையின் பெரிய ஓட்டை கறிக்கோழிக்கான விகிதத்தில் இருக்கிறது. இன்றைய பிராய்லர் 35 முதல் 42 நாளுக்குள் வண்டி ஏறிவிடும். அதாவது ஷெட்டில் நிற்கும் கோழி ஏறக்குறைய எல்லாமே ‘6 வாரம் வரை’ என்ற கட்டத்துக்குள்தான் அடங்கும். 38 நாளில் 2 கிலோ எடை நிற்கும் கோழி மூன்று கிலோவுக்கு மேல் தீவனம் தின்றிருக்கும். தீவனத்தைக் கிலோ 30 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 90 ரூபாய்க்கு மேல் செலவு. அதற்கு இந்த அட்டவணை கொடுப்பது 20 ரூபாய். 70 ரூபாய் என்ற விகிதம் தாளில் இருக்கிறது, அதை வாங்கும் வயதில் கோழி ஷெட்டில் இருப்பதில்லை. இதைத் திருத்தாமல் இந்தத் திட்டத்தைக் கறிக்கோழிப் பண்ணைக்கான பாதுகாப்பு என்று சொல்லவே முடியாது.

முட்டைக்கோழியில் சிக்கல் வேறு மாதிரி. 9 வாரக் கோழிக்கும் 90, முட்டை உச்சத்தில் நிற்கும் 30 வாரக் கோழிக்கும் 90. முட்டைக்கு வரும் 18 வாரத்துக்குள் ஒரு கோழி கிட்டத்தட்ட 6 கிலோ தீவனம் தின்றுவிடும். கிலோ 25 ரூபாய் என்றாலும் 150 ஆயிற்று, குஞ்சு, தடுப்பூசி, கூலி தனி. ஆக, முட்டைக்கு வந்து சில வாரமே ஆன பேட்ச் வைத்திருப்பவருக்குத்தான் அடி பலம். 70 வாரம் தாண்டி, முட்டை குறைந்து கழிக்கப்படும் கோழிக்கு அதே தொகை ஓரளவு ஈடுகட்டும்.

கேரளத்தின் ஏற்பாடு இதைவிட நன்று. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் வந்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200, அதற்குக் கீழே 100, முட்டைக்கு 5 ரூபாய் என்று அறிவித்தார்கள். நெடுமுடி, தகழி, பள்ளிப்பாடு, கருவாற்றா பக்கத்து வாத்துக்காரர்கள் இந்தக் கணக்கில் வந்தவர்கள். மாநிலம் மனது வைத்தால் தொகையைக் கூட்டலாம் என்பதற்கு இது சாட்சி.

இனி நடைமுறை. கோழி வழக்கத்தைவிட அதிகமாகச் சாகத் தொடங்கினால் பலரும் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) என்று நினைத்து மருந்து மாற்றிப் பார்க்கிறார்கள். இழப்பீட்டில் பணம் நழுவுவது இங்கேதான். மத்திய அரசின் பங்கு அழிக்கப்படும் பறவைக்கு, அழிக்கப்படும் முட்டைக்கு, அழிக்கப்படும் தீவனத்துக்கு. முன்னாலேயே செத்து விழுந்தது அந்தக் கணக்கில் வராது. 2021 தொடக்கத்தில் ஹரியாணாவின் பர்வாலா வட்டாரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் கோழிகள் செத்ததாகச் செய்தி வந்தபின்தான் நோய் உறுதியானது. அழிக்க மிஞ்சியது அதைவிட மிகக் குறைவு. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறவேண்டிய தலைகள் குறைகின்றன.

எனவே முதல் நாளே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் எழுத்தில் தகவல் கொடுங்கள். கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கடமையும்கூட. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். செத்த கோழியும் மாதிரிகளும் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் பாதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அழிப்பு, பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு.

அழிப்புக் குழு பாதுகாப்பு உடையோடு வந்து இறங்கியதும் வேலை வேகமாக நடக்கும். குழி தோண்டி, கோழியைப் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடிவிட்டால் பிறகு எண்ணிப் பார்க்க வழியில்லை. ஆகவே கையெழுத்துப் போடுமுன் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஷெட் வாரியாகத் தலை எண்ணிக்கை, பேட்சின் வயது, முட்டை எண்ணிக்கை, தீவன எடை. எட்டு வாரத்தை ஒட்டி நிற்கும் பேட்சில் ஒரு வாரம் குறைத்து எழுதினால், 2021 அட்டவணைப்படி 90 ரூபாய் 20 ஆகிவிடும். பத்தாயிரம் கோழிக்கு அது ஏழு லட்ச ரூபாய் வித்தியாசம். குஞ்சு வாங்கிய பில் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தீவனத்தை மூட்டை எண்ணிக் கணக்கிடுவது எளிது. சைலோவில் (பெரிய தீவனக் கலனில்) கொட்டி வைத்ததைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டுவிடுவார்கள், கடைசி லோடின் எடைச் சீட்டு இருந்தால் அதைக் காட்டுங்கள். அன்றாட இறப்புப் பதிவேடு இல்லாத பண்ணையில் தலை எண்ணிக்கைத் தகராறு தீரவே தீராது. தாளின் நகலை அங்கேயே வாங்கிவிடுங்கள், குறைந்தபட்சம் போட்டோ எடுத்து வையுங்கள்.

பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பண்ணை அப்பா பெயரில், கணக்கு மகன் பெயரில் என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பெயர்களை முன்பே பொருத்தி வையுங்கள்.

திட்டம் தொடாத இழப்புகளும் உண்டு. பண்ணையைக் கிருமிநீக்கம் செய்தாயிற்று என்ற சுத்திகரிப்புச் சான்று கொடுத்த பிறகும் மூன்று மாதக் கண்காணிப்பு நடக்கும். காலி ஷெட்டுக்கு வங்கித் தவணை ஓடும், கூலி ஓடும், அதற்கு ஒரு காசும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு வெளியே, பத்துக்குள் இருப்பவர் நிலை இன்னும் மோசம். அவருடைய கோழியை யாரும் அழிப்பதில்லை, அதனால் இழப்பீடு இல்லை. ஆனால் விற்பனையும் போக்குவரத்தும் முடங்கும், தீவனம் மட்டும் தினமும் தீரும். இவர்களுக்கென்று ஒரு வரியாவது அட்டவணையில் வந்தாக வேண்டும்.

பல்லடம் பக்கம்போல நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையது, அதனால் இழப்பீட்டுக்கு உரிமை கோருவதும் நிறுவனம்தான். உங்கள் கையில் இருப்பது வளர்ப்புக் கூலி மட்டும். நோயால் பேட்ச் பாதியில் அழிக்கப்பட்டால் கூலி எப்படிக் கணக்கிடப்படும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று அடுத்த குஞ்சு இறங்குமுன் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.