மாணிக்க லென்ஸில் மண் கெண்டி பார்த்த 6 வருஷம்

ரங்கூன் போஜோ மார்க்கெட்டில் கல் வியாபாரம் பார்க்கும் மாமா ஒருவர், புதுசு வாங்கியதும் தன் பழைய 10 மடங்கு லூப்பை, அதாவது கல் பார்க்கும் சின்ன உருப்பெருக்கி லென்ஸை, என்னிடம் கொடுத்தார். அவர் மாணிக்கம் பார்த்தது. நான் அதில் மண் பார்க்கிறேன். சீனாவின் யீஷிங் ஊர் ஸிஷா மண்ணில் செய்த டீ கெண்டிகள்தான் என் பைத்தியம். ரங்கூன் லாத்தா தெருப் பக்கம் தூசி தட்டிப் பொறுக்கியதில் 14 சேர்ந்திருக்கிறது.

ஆரம்பத்தில் லூப்பைக் கெண்டி மேல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். ஒரே மங்கல். "லென்ஸைக் கண்ணோட ஒட்டிக்க தம்பி, சாமானைக் கிட்ட கொண்டு வா" என்றார் மாமா. 10 மடங்குக்கு இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளிதான்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். டார்ச்சை நேரே அடித்தால் எல்லா மண்ணும் ஒன்றுபோல் சப்பையாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் பேரிக்காய்த் தோல் மாதிரி மேடுபள்ளம் எழும். ஊதா மண்ணில் மைக்கா துணுக்கு மினுங்கும்; இரும்பு உருகிய இடம் கருப்புப் புள்ளியாக நிற்கும். ஜூனி என்ற சிவப்பு மண் சூளையில் ரொம்பச் சுருங்கும் ரகம், அதனால் தோலில் மெல்லிய மடிப்பு ஓடும். மண்ணைக் கூழாக்கி அச்சில் ஊற்றியதில் இதெல்லாம் கிடையாது. வழவழவென்று இருக்கும், கைப்பிடியின் அடியில் அச்சுக் கோடும் மாட்டும். ஆனால் கையால் தகடு தட்டிச் செய்ததையும் மேலே தேய்த்து மெருகேற்றுவார்கள். கரடெல்லாம் உள்ளே அமுங்கிவிடும். அதனால் நான் முதலில் மெருகு படாத மூடியின் உள்பக்கத்தைப் பார்க்கிறேன்.

ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். அடியில் கு ஜிங்ஜோ முத்திரை. 1996-இல் காலமான அந்தப் பெரிய கைவினைஞரின் முத்திரைக்குப் போலி ஏராளம் என்று தெரிந்திருந்தும் ஆசை விடவில்லை. லூப்பில் மண்ணின் நுண்துளையெல்லாம் ஒரே சீராக எண்ணெய்ப் பளபளப்பு. பழசின் மெருகு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் வெந்நீர் ஊற்றியதும் செருப்புப் பாலிஷ் வாடை குப்பென்று வந்தது. நான் வருஷக்கணக்கில் டீ ஊற்றிய கெண்டிகளில் கறை இப்படிச் சீராக இல்லை. மூக்கு நுனியிலும் மூடி விளிம்பிலும் அடர்ந்து, மற்ற இடத்தில் திட்டுத்திட்டாக இருக்கிறது.

3 வருஷத்துக்கு முன் யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பும் வாங்கினேன். பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருக்கிறது. அது சும்மா. 50-ஐத் தாண்டினால் ஒரு துளை குகையாகிறது, பார்ப்பது கெண்டியா செங்கல்லா என்றே தெரியாது. அதன் விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்தான். படம் எடுத்து வைக்க உதவும். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரங்கூனில் அது பெரிய விஷயம்.

மூன்றாவது மழைக்காலத்தில் லூப்பின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை பிடித்தது. ஒட்டிய லென்ஸ், பிரித்துத் துடைக்க வழியில்லை. அன்றிலிருந்து சிலிக்கா ஜெல் போட்ட பிஸ்கட் டின்னில் இருக்கிறது, மேலும் பரவவில்லை.

எந்தச் சுரங்கத்து மண், சாயத்துக்குக் கோபால்ட் கலந்திருக்கிறார்களா என்பதெல்லாம் லூப்பில் தெரியாது. வயசும் தெரியாது. பாலிஷ் கெண்டியைத் தூக்கிப்போடவில்லை. புதுசாக எது வந்தாலும் அதன் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.