கம்ப்யூட்டர் ஹேக் ஆகிவிட்டது என்று திரையில் போன் நம்பர் வந்தால் கூப்பிடாதீர்கள்: 46,500 ரூபாய் போன கதை

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்காரர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என் சித்தப்பாவிடமிருந்து 46,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். இணையத்தில் ‘ரிமோட் சப்போர்ட்’ என்று கடை விரித்திருக்கும் ஒரு கூட்டம். பெயர் போடவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். பெயரை ஞாபகம் வைத்துப் பிரயோஜனமில்லை, அவர்கள் ஏமாற்றுகிற விதத்தை ஞாபகம் வையுங்கள்.

கொப்பரை விலை பார்க்க ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். திடீரென்று திரை முழுக்க நீலம், நடுவில் சிவப்புப் பெட்டி, ஸ்பீக்கரில் விடாத பீப் சத்தம், ‘உங்கள் வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். மூடுகிற பொத்தானையே காணோம். கீழே ஒரு இலவச நம்பர்.

இது வைரஸே இல்லை. பிரவுசரை முழுத்திரைக்குக் கொண்டுபோய், மேலே உள்ள பட்டையை மறைத்துவிடுகிற வெறும் வெப்பேஜ். எஸ்கேப் விசையை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘ரீஸ்டோர்’ செய்யவா என்று கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், அழுத்தினால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும். அவ்வளவுதான் வேலை, காசு செலவில்லை. மைக்ரோசாஃப்டே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அவர்களுடைய எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது.

சித்தப்பா அந்த நம்பரைக் கூப்பிட்டார். எடுத்தவன் முதலில் இந்தியில் பேசியிருக்கிறான். இவர் திணறியதும் தமிழ் பேசுகிற ஒருவனிடம் கொடுத்துவிட்டான். “அப்பா, பதறாதீங்க, ஒண்ணும் ஆகாது. எங்க வீடும் பாலக்காடுதான்” என்று அவன் ஆரம்பித்ததும் இவர் மனசு இளகிவிட்டது. “பணத்தப் பத்தி அவன் பேசவே இல்ல கண்ணு. மொதல்ல பாத்துட்டுச் சொல்றேன், ஒண்ணுமில்லைனா நிம்மதியா வெச்சுருங்கன்னு சொன்னான்” என்று சித்தப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பணம் கேட்காமல் உதவுகிற மாதிரி பேசிய அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் போனது. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருளை இறக்கச் சொல்லி, அதில் தெரிந்த எண்ணை வாசிக்கச் சொன்னான். மென்பொருள் நல்லதுதான், அலுவலகங்களில் தினமும் பயன்படுவது. ஆனால் அந்த எண்ணைச் சொல்லி, ‘அக்செப்ட்’ அழுத்தியபின் மவுஸும் கீபோர்டும் அவன் கைக்குப் போய்விடும்.

பிறகு அவன் காட்டிய ‘ஆதாரங்கள்’ இருக்கின்றனவே, அவை உங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலும் இந்த நிமிடமே இருக்கும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஈவென்ட் வியூவர். அதில் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஈவென்ட்ஸ்’ என்ற பகுதியைத் திறந்தால் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான வரிகள். “பாருங்கப்பா, இத்தனை தடவை உள்ள வந்திருக்கான்” என்றிருக்கிறான். அது விண்டோஸ் தனக்குத்தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு. பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் இரண்டு நொடி தாமதமாகத் தொடங்கினாலும் அங்கே ஒரு வரி விழும். புத்தம்புது கம்ப்யூட்டரைப் பிரித்து ஒரு வாரம் ஓட்டினாலே அந்தப் பட்டியல் நிறைந்துவிடும். அடிக்கடி தெரியும் 10016 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது.

அடுத்து, கட்டளைகளை டைப் செய்யும் கறுப்புத் திரையில், இணையத் தொடர்புகளைப் பட்டியலிடும் ‘நெட்ஸ்டாட்’ கட்டளை. ‘ஃபாரின் அட்ரஸ்’ என்ற தலைப்பின்கீழ் வரிசையாக எண்கள். “வெளிநாட்டுக்காரங்க உங்க கம்ப்யூட்டர்ல இருக்காங்க” என்றானாம். ஃபாரின் என்றால் அங்கே எதிர்முனை என்றுதான் பொருள். பிரவுசரில் திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கே வரி வரும். கடைசியில் 443 என்று இருந்தால் பெரும்பாலும் சாதாரண வெப்சைட் தொடர்புதான். உண்மையில் அந்த நேரத்தில் உள்ளே இருந்த ஒரே அந்நியன் இவன்தான்.

மூன்றாவது எனக்கு ஆத்திரத்தைக் கூட்டுவது. ‘ட்ரீ’ என்று ஒரு பழைய கட்டளை. கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர்களின் பெயர்களை வரிசையாக ஓடவிடும், வேறு எதுவும் செய்யாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் ‘வைரஸ் ஃபவுண்ட், நெட்வொர்க் ஹேக்டு’ என்று டைப் செய்கிறான். அந்த எழுத்து அப்போது தெரியாது. ஓட்டம் நின்றதும் கடைசி வரியில் தானாக வந்து நிற்கும், ஏதோ ஸ்கேன் முடிவு மாதிரி. அவன் கையால் அடித்ததுதான் அது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, ‘இது உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் உள்ள ரகசிய எண், எங்க ரெக்கார்டுல இருக்கு’ என்று 888 என்று தொடங்கும் நீள எண்ணை வாசித்துக்காட்டுவது. விண்டோஸ் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான்.

இத்தனையும் காட்டி, ‘மூன்று வருடப் பாதுகாப்பு’ என்று 16,500 ரூபாய் வாங்கினான். அதற்குப் போட்டுக்கொடுத்தது இலவசமாகக் கிடைக்கும் ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நாலு நாள் கழித்து அவர்களே கூப்பிட்டு, “கம்பெனி மூடறோம்ப்பா, உங்க 16,500 திருப்பித் தர்றோம், நெட் பேங்கிங்ல வந்திருச்சான்னு பாருங்க” என்றிருக்கிறார்கள். இவர் உள்ளே நுழைந்ததும் திரை கறுத்துவிட்டது. முதலில் இறக்கிய அந்த ரிமோட் மென்பொருளில், நம் திரையைக் கறுப்பாக்கி மறைக்க எதிராளிக்கு வசதி உண்டு. மறைத்துவிட்டு அவர்கள் பணம் அனுப்புகிற வேலையைச் செய்கிறார்கள். போனில் ஆறு இலக்கம் வந்தது. “ரீஃபண்ட் கோடு” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த எஸ்எம்எஸ்ஸில் டெபிட் என்றும் 30,000 என்றும் எழுதியிருந்தது. நல்லபடி பேசியவனை நம்பி எண்ணை மட்டும் வாசித்துவிட்டார். 16,500, மேலே 30,000. மொத்தம் 46,500. ஒரு முறை தேங்காய் வெட்டினால் வருகிற காசு.

அப்புறம் நடந்த அலைக்கழிப்பு அதைவிடக் கொடுமை. அந்த நம்பரில் “ஏழு வேலை நாள்”, பிறகு “சீனியர் லீவு”, பிறகு எடுப்பதே இல்லை. வங்கிக் கிளையில் “நீங்கதானே ஓடிபி சொன்னீங்க, நாங்க என்ன பண்ண முடியும்?” எழுத்தில் புகார் வாங்கவே மூன்றாவது மேசை வரை போக வேண்டியிருந்தது. காவல் நிலையத்தில், கேரளத்துப் பக்கம் “அக்கவுண்ட் தமிழ்நாட்டுலதானே, அவிடப் போய் கொடுங்க” என்றார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் “வீடு கேரளாவுல இருக்குங்களே, அங்கதான் குடுக்கணும்” என்றார்கள். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எழுபது வயது மனிதரைப் பஸ் ஏற்றி இறக்கினார்கள். எல்லையில் இருப்பது அவர் குற்றமா?

இந்த அலைச்சல் தேவையே இல்லை. எந்த ஊர் எல்லையில் நடந்தாலும் தகவலை வாங்கிப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில் இருக்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கும் முன்னால் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், பணம் போன அந்த மணி நேரத்திலேயே. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அதுதான் வழி. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வங்கி விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபி கொடுத்தது போன்ற கவனக்குறைவு நம் பக்கம் இருந்தால் புகார் கொடுக்கும்வரை போன பணம் நம் நஷ்டம், புகார் கொடுத்தபின் போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் புகார் எண்ணும் நேரமும் எழுத்தில் வாங்க வேண்டும். முதல் 16,500 போன அன்றே இது நடந்து கணக்கை முடக்கியிருந்தால் 30,000 தப்பித்திருக்கும். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணமில்லை.

நிஜமாகவே ஹேக் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்றும் விரிவாக எழுத நினைத்தேன். இப்போது கை ஓடவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவது மட்டுமே ஹேக் ஆனதற்கு அடையாளமில்லை, பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் அப்படித்தான் ஓடும். நிஜத் திருடன் சத்தம் போடமாட்டான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கி, நீங்கள் போடாதது இருக்கிறதா பாருங்கள். டாஸ்க் மேனேஜரில், கம்ப்யூட்டரோடு தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும் ஸ்டார்ட்அப் பகுதியையும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற, ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவற்றின் பட்டியல் சாதாரணமாகக் காலியாக இருக்கும். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் ஏதாவது அங்கே இருந்தால், யாரோ ஸ்கேன் கண்ணில் படாமல் மறைத்திருக்கலாம். அங்கேயே ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் பார்க்கும். பிரவுசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள், இணையத் தொடர்பை வேறு கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பும் பிராக்ஸி செட்டிங், ஜிமெயிலில் மெயிலை வேறு முகவரிக்கு அனுப்பும் ‘ஃபார்வர்டிங்’, ‘உங்கள் சாதனங்கள்’ ஆகியவற்றிலும் நீங்கள் வைக்காதது இருக்கிறதா பார்த்துவிடுங்கள். பிரவுசரில் ‘நோட்டிஃபிகேஷன்’ அனுமதி கொடுத்த தளங்களை நீக்குங்கள், மூலையில் வரும் பொய் வைரஸ் அறிவிப்புகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் மறக்காதீர்கள்.

ஏற்கெனவே யாரையாவது உள்ளே விட்டிருந்தால், முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ரிமோட் மென்பொருளை மட்டும் நீக்கினால் போதாது. கூப்பிடாமலே திரும்ப நுழைய அதில் பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள், வேறு எதையாவது விட்டுப்போயும் இருப்பார்கள். படம், கணக்குக் கோப்புகளை மட்டும் எடுத்துவைத்து, வேறு கம்ப்யூட்டரில் தயாரித்த 8 ஜிபி பென்டிரைவிலிருந்து விண்டோஸைச் சுத்தமாகப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், வேறு போனில் மாற்றுங்கள். மெயில் பாஸ்வேர்டு முதலில், வங்கி அடுத்தது.