கிளட்ச் மாற்றி ஒரு வருஷம்: பெடல் அருமை, பில் இன்னும் உறுத்துகிறது

மொத்தம் 8,650 ராண்ட். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சின்ன காருக்குக் கிளட்ச் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்ட நண்பருக்கு என் நேரடிப் பதில் இதுதான். 1.4 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், சாட்ஸ்வர்த்தில் ஒரு வெளி மெக்கானிக்கிடம் செய்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதே வேலைக்கு 14,000-க்கு மேல் சொன்னார்கள். ஆனால் மெக்கானிக் போனில் சொன்ன விலை 6,500. இடையில் வந்த அந்த 2,150 ராண்டைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வேலை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் தினமும் சாட்ஸ்வர்த்திலிருந்து பைன்டவுன் வழியாக ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி ஹில்க்ரெஸ்ட் போகிறவன். காலையில் அந்த ஏற்றத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டால் முதல் கியரில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதிக் கிளட்ச்சில்தான் வண்டியை எடுக்க முடியும். பழைய கிளட்ச் கடைசி மாதங்களில் மேட்டில் கிளம்பும்போது உதறியது. நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறும், வேகம் ஏறாது. கருகல் வாசம் வேறு. பெடலை ஏறக்குறைய முழுக்க விட்ட பிறகுதான் வண்டி பிடிக்கும்.

இப்போது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பெடல் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்குகிறது. பிடிக்கும் இடம் அப்படியே நடுவில் நிற்கிறது, கொஞ்சம்கூட மேலே நகரவில்லை. மழை நாளில் ஏற்றத்தில் நிற்கும்போது பின்னால் மினிபஸ் டாக்சி ஒட்டிக்கொண்டு நின்றாலும் வண்டி பின்னால் உருளாமல் எடுக்க முடிகிறது. இந்தக் கார் என் கைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு இதமாக இருந்ததே இல்லை. இதை மனசார எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது அவ்வளவு இனிமையாக இருக்காது.

கிளட்ச் கிட் என்று கடையில் வாங்குவதில் மூன்று சாமான் இருக்கும்: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கிட்டின் விலை ஒரு பக்கம். இன்னொரு பெரிய பங்கு கூலி. முன்சக்கரம் ஓடும் வண்டியில் கிளட்ச்சைத் தொடவேண்டுமானால் டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றி, இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதனால்தான் நல்ல மெக்கானிக் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பக்கத்து வேலைகளையும் முடித்துவிடுவார். விட்டுவிட்டால் மறுபடி முழுக் கூலி.

என் வண்டியிலும் அதைத்தான் செய்தார். ஃபிளைவீல், அதாவது கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் பக்கத்துச் சக்கரம், சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அதை லேத்தில் ஸ்கிம் பண்ண, அதாவது மேல்பரப்பைச் சீவிச் சமமாக்க, 600. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிய ஆரம்பித்திருந்ததால் புது சீலுக்கு 850. அந்தக் கசிவு அப்படியே இருந்தால் புதுக் கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டு அதுவும் வழுக்கும். கியர் ஆயில் 700. மூன்றுமே தேவையான வேலை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சரி என்றிருப்பேன்.

கேட்கவில்லை. அன்று பகல் முழுக்க என் போன் மேஜை மேல்தான் இருந்தது. சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோதுதான் பில்லில் பார்த்தேன். "அண்ணா" என்று ஆரம்பித்து, மீதியை ஆங்கிலத்தில் சொன்னார்: வேறு ஆளாக இருந்தால் சீலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மூடியிருப்பான் என்று. உண்மைதான், நம்புகிறேன். அதற்காக என் வண்டியில் என் பணத்தில் என்னிடம் சொல்லாமல் செய்துவிடலாமா? பழைய பிளேட்டையும் சீலையும் காட்டுங்கள் என்றேன். பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டாராம். நீலம் பாய்ந்த ஃபிளைவீல், கசிந்த சீல் எல்லாமே அவர் வாய் வார்த்தைதான்.

இந்த நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, மதிப்பீடு கொடுத்த பிறகு அதைத் தாண்டும் செலவு வந்தால் நம்மிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் அதற்குப் பணம் கேட்கலாம். 67-ஆம் பிரிவுப்படி, நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய, கழற்றிய பழைய பாகங்களைத் தனியாக எடுத்துவைத்துத் திருப்பித் தர வேண்டும். சட்டம் பேசிச் சண்டை போடும் மனநிலை அன்று எனக்கு இல்லை. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் பக்கமும் சொல்ல வேண்டும். பழுதுபார்த்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் 57-ஆம் பிரிவு குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் கேட்கிறது. இவர் தானாகவே ஆறு மாதம் என்று பில்லில் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி, அடியில் கசிவு இருக்கிறதா என்று காசு வாங்காமல் பார்த்தார். ஏமாற்றுக்காரர் என்று யாராவது சொன்னால் நானே மறுப்பேன்.

நண்பருக்கு இன்னும் இரண்டு விஷயம். அவருடைய வண்டி வாரண்டியில் இருக்கிறது. வெளியில் கொடுத்தால் வாரண்டி மொத்தமும் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசுப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் 2021 ஜூலை 1 முதல் அமலில் இருக்கின்றன, வெளி மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. வெளியில் செய்த வேலையாலேயே ஏதாவது கெட்டுப்போனால் அது வேறு கதை. கிளட்ச் எப்படியும் தேயும் சாமான், சாதாரணமாக அதை வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள். அப்புறம், டீசல் வண்டியாக இருந்தால் டூயல் மாஸ் ஃபிளைவீலா (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அதை மாற்ற நேர்ந்தால் கிட்டைவிட அதன் விலை கூடுதலாக இருக்கலாம், என் கணக்கு அவருக்கு உதவாது. விலையை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும், ஸ்கிம், சீல், ஆயில் உள்பட என்று.

இப்போது மனைவியின் காரிலும் கிளட்ச் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. பைன்டவுனில் வேறொருவரிடம் கேட்டேன், எல்லாம் சேர்த்து 9,400 சொல்கிறார். கியர்பாக்ஸை இறக்கியதும் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் மேலே கை வைப்பாராம். அடுத்த வாரம் வண்டி அங்கேதான் போகிறது.