புதிய ஷிஃப்ட் பொறுப்பாளருக்கு யார் துணை: வெளியிலிருந்து வரும் கோச்சா, உள்ளிருக்கும் மூத்தவரா, மேலாளரா?

பெரம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஐ.சி.எஃப். என்றால் 1955-இல் நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலைதான். கோச் என்றால் அங்கே தயாராகும் பெட்டிதான். அதனால்தான் ஐ.சி.எஃப். சான்றிதழ் பெற்ற கோச் ஒருவர் மணலியிலுள்ள எங்கள் ஆலைக்கு வருகிறார் என்று மனிதவளப் பிரிவு அறிவிப்பு ஒட்டியபோது, ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி யாரோ வருகிறார் என்று பராமரிப்புப் பிரிவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். அறிவிப்பு குறிப்பிட்டது ஆங்கிலத்தில் அதே சுருக்கப்பெயர் கொண்ட, 1995-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பை; கேள்வி கேட்டே ஒருவரைத் தன் வேலையில் மேம்படவைக்கும் கோச்சுகளுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு அது. ஆனாலும் நம் ஆட்களின் குழப்பம் முழுத் தவறு அல்ல. ஹங்கேரியில் கோச் என்றே ஒலிக்கும் ஓர் ஊரின் வண்டிக்கு வந்த பெயர்தான், பிறகு ஆக்ஸ்போர்டு மாணவர் பேச்சில், தேர்வைக் கடக்க இழுத்துச் செல்லும் ஆசிரியருக்கும் ஒட்டிக்கொண்டது.

நேற்றுவரை டெக்னீஷியனாக இருந்து இன்று ஷிஃப்ட் பொறுப்பாளர் ஆனவருக்கு நிறுவனம் யாரைத் துணையாகக் கொடுக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி. இரண்டு நாள் ஹோட்டல் வகுப்பை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும், பைல் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில் உள்ளிருக்கும் மூத்தவர். எங்கள் ஆலையில் எல்லோரும் அண்ணே என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் உறைமேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, புதிதாகப் பொறுப்பேற்ற பையனையும் அப்படியே கேட்கவைப்பார். "இன்னா கேக்குது?" என்பார். பையன் "சத்தந்தான் அண்ணே" என்றால், பக்கத்துப் பம்புக்கு அழைத்துப்போய் நல்ல பேரிங்கின் ஒலியைக் கேட்கவைத்துவிட்டு, மறுபடி பழைய பம்புக்கே கூட்டிவருவார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக வகுக்கப்பட்ட வேலைப் பயிற்சி முறையில் நான்கு படிகள் உண்டு: கற்பவரைத் தயார்செய்வது, முக்கிய நுணுக்கத்தைச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டுவது, அவரைச் செய்யவைத்துச் சொல்லவும் வைப்பது, பிறகு தனியே விட்டு அவ்வப்போது போய்ப் பார்ப்பது. அண்ணன் இதைப் படித்தவர் அல்ல, ஆனால் முதல் மூன்றும் அவருக்குக் கைவந்தவை. நான்காவதுதான் வராது, தனியே விடவே மாட்டார்.

அவருடைய குறைகளையும் சொல்லியாக வேண்டும். கைத்திறனோடு குறுக்குவழிகளும் சேர்ந்தே கைமாறுகின்றன. பர்மிட், அதாவது வேலையைத் தொடங்கலாம் என்ற பாதுகாப்பு அனுமதிச் சீட்டு, கையெழுத்தாகும் முன்பே போல்ட்டைத் தளர்த்தும் பழக்கம் எங்களிடம் அப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தது. தவிர, அவரிடம் எதைச் சொன்னாலும் மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் மாறுவதற்குள் கேன்டீனுக்குப் போய்விடும், அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாவிட்டாலும்.

வெளியிலிருந்து வரும் கோச்சின் பலம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் கற்றுத்தருவதில்லை, கேட்கிறார். ஜான் விட்மோர் பரப்பிய 'குரோ' முறையில் இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதை உறுதியாகச் செய்யப்போகிறீர்கள் என்று பேச்சு நகரும். எனக்கு நடந்த அமர்வு ஒன்றில், இரவு ஷிஃப்டில் ஒரு பழைய தோழர் வேலையை மறுத்தபோது என்ன சொன்னீர்கள் என்று கோச் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, நானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டேன் என்றேன். "இந்த மாதம் எத்தனையாவது முறை?" என்றார். விரல்விட்டு எண்ணினேன், நான்காவது. பிறகு அவர் வெகுநேரம் பேசவே இல்லை. அந்தக் கேள்வியை அண்ணன் கேட்டிருக்க மாட்டார், ஏனென்றால் நான்கு முறையும் நான் செய்ததைத்தான் அவரும் செய்திருப்பார்.

சான்றிதழைப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. மேற்சொன்ன கூட்டமைப்பின் முதல் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும், இரண்டாம் நிலைக்கு 125-உம் 500-உம், உச்ச நிலைக்கு 200-உம் 2,500-உம் தேவை. இவை அவர் எவ்வளவு நேரம் இந்தத் தொழிலைச் செய்திருக்கிறார் என்பதைக் காட்டுமே தவிர, ஆலை வாசலை மிதித்திருக்கிறாரா என்பதைக் காட்டாது. அதைவிடப் பெரிய தடை மொழி. கோச் ஆங்கிலத்தில் கேட்க, நம் ஆள் சரியான ஆங்கிலத்தில் பதில் கட்டுவதிலேயே ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. தமிழில் கேட்டால்தான் உள்ளே கிடப்பது வெளியே வரும். இன்னொன்று, 10 மணிக்கு இரவு ஷிஃப்ட் ஏறி, காலை 6 மணிக்கு இறங்கி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் ஊர்ந்து வீடு சேர்ந்தவரை 11 மணிக்கு வீடியோ அமர்வுக்கு எழுப்புவது கோச்சிங் அல்ல, தண்டனை.

ரகசியம் காக்கப்படும் என்ற வாய்மொழி உறுதியை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அமர்வில் நான் சொன்ன "ராத்திரி ஷிஃப்டில் எனக்குத் தைரியம் கொறையுது" என்ற வாக்கியம், எட்டு மாதம் கழித்து அப்ரைசல் மேசையில் மேலாளர் வாயிலிருந்து வந்தது. கூட்டமைப்பின் நெறிமுறை, பணம் கொடுக்கும் நிறுவனத்தையும் பயிற்சி பெறுபவரையும் தனித்தனித் தரப்பாகவே பார்க்கிறது. எந்தத் தகவல் யாருக்குப் போகும் என்பது தொடங்கும் முன்பே மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வருகையும் இலக்கும் மட்டும் நிறுவனத்துக்கு, பேச்சின் உள்ளடக்கம் போகாது என்று எழுத்தில் வாங்காமல் உட்காரக் கூடாது.

மேலாளரே கோச்சாக இருக்கலாமே என்பது செலவில்லாத யோசனை. அன்றாடம் கண்ணெதிரே இருப்பவர், தவறை அன்றைக்கே திருத்தக்கூடியவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் மதிப்பெண் போடுகிறவரிடம் பலவீனத்தை யார் சொல்வார்கள்? இங்கே குத்துச்சண்டை பழகுகிறவர்கள் வாத்தியாரிடம் விலா வலிக்கிறது என்று சொல்ல முடிவதற்குக் காரணம், மோதலுக்குப் புள்ளி போடுகிறவர் அவர் அல்ல என்பதுதான். மேலாளரால் மட்டுமே முடிகிற வேலை வேறு: ஷிஃப்டில் இரண்டு ஆள் குறைவு என்றால் அதை நிரப்புவது. ஆள் பற்றாக்குறையை எந்தக் கோச்சின் கேள்வியாலும் தீர்க்க முடியாது, தீர்ப்பதுபோலக் காட்டுவதும் பிழை.

ஆகவே என் தேர்வு வரிசையில் அமைகிறது. முதல் மூன்று மாதம் மூத்தவர், அவருடைய சொந்த வேலைப் பளுவைக் குறைத்து, பர்மிட் விஷயத்தில் மட்டும் பாதுகாப்பு அதிகாரியின் கண்பார்வையில். பிறகு ஆட்களை நடத்துவதற்காக மட்டும் ஆறு அமர்வுகள், தமிழ் பேசும் வெளி கோச்சுடன். ஒன்றுக்குத்தான் பணம் உண்டென்றால் மூத்தவரையே எடுப்பேன், கேன்டீன் வம்பையும் பொறுத்துக்கொண்டு. அண்ணனுக்கு வரும் மே மாதம் ஓய்வு. அவருடன் ஷிஃப்ட் போட இரண்டு பேரின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்; கோச் ஒப்பந்தத்தை ஜூனில் பேசிக்கொள்ளலாம் என்று அதே தாளின் அடியில் குறிப்பும் சேர்த்திருக்கிறேன்.