"பி.ஆர். செய்து லிங்க் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது வந்தால்

குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கிறோம். வெளியூர் ஆர்டரெல்லாம் வெப்சைட் வழியாகத்தான். போன வருஷம் கொச்சியிலிருந்து ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங்காரர் வந்தார். "சேட்டா, பி.ஆர். பண்ணுவோம், அதாவது பத்திரிகையில் செய்தி வரவைப்போம், நல்ல கட்டுரை எழுதுவோம், பெரிய சைட்டெல்லாம் தானாக லிங்க் கொடுக்கும்" என்றார். அப்படி மற்ற சைட்டுகள் நம் சைட்டுக்கு லிங்க் கொடுத்தால் கூகுள் தேடலில் மேலே வருவோமாம். மாதம் 18,000. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தேன். மச்சான் வேண்டாம் என்றான், கேட்கவில்லை.

இரண்டாம் மாதம் எக்செல் ரிப்போர்ட் வந்தது. 140 லிங்க். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'டி.ஏ. 50', 'டி.ஏ. 60' என்று பச்சைக் கலரில். டி.ஏ. (டொமைன் அத்தாரிட்டி) என்பது மோஸ் என்ற தனியார் கம்பெனி சைட்டுகளுக்குப் போடும் மதிப்பெண், கூகுளுடையது அல்ல. அது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி கடையை அடைத்தபின் வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒன்று ரம்மி சைட். ஒன்று நாய் மருந்து. எல்லாவற்றின் நடுவிலும் 'குறைந்த விலையில் கேரள ஏலக்காய்' என்று நம் லிங்க், அச்சு மாறாமல். ஒரு கட்டுரையில் ஏலக்காய் மர உச்சியில் காய்க்கிறதாம்! தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்ப்பது, இங்கே காய் எடுக்கப் போகும் யாரைக் கேட்டாலும் தெரியும். பத்திரிகைச் செய்தி என்றது, காசு கொடுத்தால் எதையும் போடுகிற தளங்களில்.

அப்புறம் சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நோட்டீஸ்: இயற்கைக்கு மாறான லிங்குகள். தேடலில் மேலே வருவதற்காக லிங்க் வாங்குவது கூகுள் விதிப்படி ஸ்பாம். காசு கொடுத்துப் போட்டால் 'ஸ்பான்சர்ட்' என்று குறிக்க 2019இலேயே வழி வந்துவிட்டது. இவர்கள் ஒன்றில்கூடக் குறிக்கவில்லை. தீபாவளி ஆர்டர் படுத்துவிட்டது. லிங்கை எடுங்கள் என்று ஒவ்வொரு சைட்டுக்கும் மெயில் போட்டேன்; எடுப்பதற்கும் சிலர் காசு கேட்டார்கள். மீதியை, 'இவற்றைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ பட்டியலில் ஏற்றி, மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டு, நோட்டீஸ் நீங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர்கள் வருவதற்கு முன்பே நானே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 6, 7, 8 மில்லிமீட்டர் காயை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், சாயம் ஏற்றிய காயை ஈரப் பஞ்சால் தேய்த்தால் பச்சை ஒட்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். மதுரையில் சமையல் குறிப்பு எழுதும் ஓர் அக்கா, கேட்காமலே அதற்கு லிங்க் கொடுத்திருந்தார். அப்படி வந்த ஐந்தாறுதான் இன்றும் நிற்கின்றன.

உங்களிடம் யாராவது வந்தால், வேறு வாடிக்கையாளருக்கு வாங்கித் தந்த பத்து லிங்கை உங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். டி.ஏ. பேச்சை எடுத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கொடுத்த 54,000இல் ஒரு பைசா திரும்பவில்லை. போனை எடுப்பதில்லை. இந்த ஓணத்துக்கு வாட்ஸ்அப்பில் பூக்கள வாழ்த்து மட்டும் வந்தது.