ஆடித் தள்ளுபடியில் போட்டுக்கொண்ட போடாக்ஸ்: ஓர் எச்சரிக்கை

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். பித்தளைக் குடம் ஒன்று கடைக்குள் வந்தால் எடை என்ன, கிலோ என்ன விலை, கூலி எவ்வளவு என்று எல்லாக் கட்டமும் நிரப்பாமல் நான் பில் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் சென்ற ஆண்டு ஆடி மாதம், தஞ்சாவூரில் உள்ள ஓர் அழகுச் சிகிச்சை மையத்தில், அளவும் கேட்காமல் வீதமும் கேட்காமல் ₹15,339 கட்டி முகச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு, ஆவணியில் மகன் கல்யாணத்தன்று இடது கண் பாதி மூடியபடி சம்பந்தி வீட்டாரை வரவேற்றேன். மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது அங்கே தீரட்டும். ஊசியின் விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதைப் பணம் கட்டிய பிறகே கற்றேன் என்பதால், கட்டுவதற்கு முன் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இருபது வருடம் பேரேட்டைக் குனிந்து பார்த்துப் பார்த்து, இரண்டு புருவத்துக்கும் நடுவே ‘11’ என்று எழுதியது போல் இரண்டு கோடு விழுந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும், யார் மேல கோபம் என்று விசாரிப்பார்கள். கல்யாணப் படத்தில் அந்தக் கோடு வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ஆடித் தள்ளுபடி, மூன்று பகுதி, ₹12,999. புருவ மத்தி, நெற்றி, கண்ணோரம் ஆகியவையே அந்த மூன்று பகுதி. பணம் கட்டும் இடத்தில்தான் 18% ஜி.எஸ்.டி. தனி என்றார்கள். நோய்க்குச் செய்யும் மருத்துவச் சேவைக்கு வரி விலக்கு உண்டு, அழகுக்காகச் செய்வதற்கு இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் விளம்பரத் தட்டியில் அதற்கு ஒரு வரி இடம் இல்லாமல் போனதை அப்போதே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

படுக்க வைத்த பிறகு, உள்ளறையிலிருந்து ஒரு தட்டில் நான்கு சிரிஞ்சுகள் ஏற்கெனவே மருந்து ஏற்றப்பட்டு வந்தன. குப்பியை நான் பார்க்கவே இல்லை. என்ன கம்பெனி மருந்து என்று கேட்டேன். “எல்லாம் போடாக்ஸ்தான் மேடம், பயப்படாதீங்க” என்றார் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்த இளம்பெண். மருத்துவர் எங்கே என்றதற்கு, அவர் சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வருவார், இது சாதாரண ஊசிதான் என்று பதில் வந்தது. கணக்கு எழுதும் பழக்கத்தில் குத்துகளை எண்ணினேன். மொத்தம் 12. ஒவ்வொரு குத்துக்கும் தோல் கட்டெறும்பு கடித்தது போலப் புடைத்துக்கொண்டது. கையில் கொடுத்த பில்லில் ‘முகப் பராமரிப்புச் சேவை’ என்று ஒரே வரி. மருந்தின் பெயரும் இல்லை, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் பேட்ச் எண்ணும் இல்லை.

எட்டாம் நாள் ஆடிப்பெருக்கு. பகவத் படித்துறையில் காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாழையிலையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் நாத்தனார், மஞ்சள் சரட்டை என் கழுத்தில் கட்ட நிமிர்ந்தவர், அப்படியே கையை நிறுத்திவிட்டு, “அண்ணி, இடது கண்ணுல என்ன? பூச்சி கீச்சி கடிச்சிடுச்சா?” என்றார். செல்போனில் பார்த்தேன். இடது இமை கருவிழியில் பாதியை மூடியிருந்தது. அடுத்த சில வாரங்கள் கடையில் இடது கை ஆட்காட்டி விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நாளேட்டைப் படித்தேன். நெற்றிக் கோடு போனதா என்றால் அதுவும் இல்லை. கொஞ்சம் மழுங்கியது, ஆறாவது வாரத்தில் பழையபடி திரும்பி வந்துவிட்டது. மையத்தில் போய்க் கேட்டபோது, ஒரு ‘டச்-அப்’ போட்டால் சரியாகிவிடும், அதற்கு ₹3,500 ஆகும் என்றார்கள். மருந்து தப்பான தசைக்குப் போய்க் கண் தொங்கும்போது, மேலும் மருந்து போடச் சொன்னது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு திருச்சியில் தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்த ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை யூனிட் போட்டாங்கம்மா?” என்பது. எனக்குத் தெரியவில்லை.

போடாக்ஸ் விலைக்கு அடிப்படை யூனிட், அதாவது மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு. இது போட்டுலினம் என்னும் நச்சிலிருந்து மிக நுண்ணிய அளவில் செய்யப்படும் மருந்து. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியைத் தடுத்து, அந்தத் தசையைச் சில மாதங்களுக்கு ஓய்வில் வைக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. புருவ மத்திக்கு இதை 2002-லும், கண்ணோரத்துக்கு 2013-லும், நெற்றிக்கு 2017-லும் அனுமதித்தது. மருந்துடன் வரும் தாளில் உள்ள அளவு, புருவ மத்திக்கு ஐந்து குத்தில் 20 யூனிட், நெற்றிக்கு ஐந்து குத்தில் 20 யூனிட், கண்ணோரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு குத்தில் 24 யூனிட். மூன்று பகுதிக்கும் 64 யூனிட், 16 குத்து. ஆளுக்கு ஆள் மருத்துவர் இதைக் கூட்டுவார், குறைப்பார். ஆண்களுக்குத் தசை பலம் அதிகம் என்பதால் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும், அதனால் செலவும் கூடும். ஆகவே ‘ஒரு பகுதிக்கு இவ்வளவு’ என்று விலை சொல்பவர், எத்தனை யூனிட் என்று சொல்லாதவரை, எதையுமே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, திருச்சி, தஞ்சை, சென்னை என்று ஏழு இடங்களுக்குப் போன் போட்டு யூனிட் விலை கேட்டேன். ₹280 முதல் ₹450 வரை சொன்னார்கள். நான் கட்டியதில் வரியைக் கழித்து, ₹12,999-ஐ 64-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ₹203 வருகிறது. விசாரித்ததில் மிகக் குறைந்த விலையான ₹280-க்கே வைத்துப் பார்த்தாலும் அந்தப் பணத்துக்கு 46 யூனிட்டுதான் கிடைக்கும். மருத்துவர் கூலி, வாடகை, விளம்பரத் தட்டி எல்லாம் அந்த 203-க்குள் அடங்க வேண்டும் என்றால், எங்கேயோ ஒன்று குறைந்தே ஆக வேண்டும்.

எங்கே குறைந்தது என்பது, சிகிச்சைப் பதிவைக் கேட்டு வாங்கியபோது தெரிந்தது. எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. எனக்கு மூன்று வாரம் ஆனது. வந்தது அரைத் தாள். அதில் ‘மூன்று பகுதி, 3 மி.லி.’ என்று எழுதியிருந்தது. யூனிட் இல்லை, மில்லிலிட்டர். இந்த மருந்து குப்பியில் பொடியாகத்தான் வருகிறது, அதில் மருத்துவர் சலைன் என்னும் உப்பு நீர் கலந்துதான் போட வேண்டும். மருந்துடன் வரும் தாளில் சொல்லியிருப்பது 100 யூனிட் குப்பிக்கு 2.5 மி.லி. அந்தக் கலவையில் 64 யூனிட் என்பது 1.6 மி.லி.தான், 3 மி.லி. என்றால் 120 யூனிட் ஆகிவிடும், ₹12,999-க்கு அதை யாரும் கொடுக்க மாட்டார்கள். அதே குப்பியில் 10 மி.லி. சலைன் ஊற்றியிருந்தால் 3 மி.லி.யில் 30 யூனிட் இருக்கும். எவ்வளவு ஊற்றினார்கள் என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை, ஆனால் ஒரு குத்துக்குக் கால் மில்லி ஏறியிருக்கிறது என்பதை 12 குத்தும் 3 மி.லி.யும் சொல்கின்றன. தண்ணீர் கலப்பைக் காட்டும் லேக்டோமீட்டரில் பார்த்த பாலில் போடுவதால்தான் டிகிரி காப்பிக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் பிறந்துவிட்டு, எத்தனை தண்ணீர் என்று கேட்காமல் லிட்டர் கணக்கில் வாங்கியிருக்கிறேன்.

தண்ணீர் அதிகமானால் நஷ்டம் பணத்தோடு நிற்காது என்பதையும் மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். நீர் கூடக் கூட, மருந்து போட்ட இடத்தில் நிற்காமல் சுற்றிலும் பரவ வாய்ப்பு அதிகம். புருவத்துக்குக் கீழே, இமையைத் தூக்கும் தசை ஒன்று இருக்கிறது. புருவ எலும்புக்கு மிக நெருக்கமாகக் குத்தினாலோ மருந்து அந்தப் பக்கம் பரவினாலோ அந்தத் தசை சோர்ந்து இமை இறங்கிவிடும். நெற்றிக்குப் போதாத அதே மருந்து, கண்ணுக்கு அதிகமாகிப் போனது இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். அதற்கு மாற்று மருந்து கிடையாது, மருந்தின் வீரியம் தானாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும். அவர் எழுதிக்கொடுத்த கண் சொட்டு வேறொரு சிறு தசையைத் தூண்டி இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்தியது. கல்யாணத்தன்று காலை அதைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் நின்றேன். முழுதாகச் சரியாக ஏழு வாரம் ஆனது.

விலை குறைய இன்னும் சில வழிகள் இருக்கின்றன. யூனிட் என்பது எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று கிடையாது. போடாக்ஸில் புருவ மத்திக்கு 20 யூனிட் என்றால், டிஸ்போர்ட் என்ற மருந்தில் அதே இடத்துக்கு 50 யூனிட். இரண்டுமே நல்ல மருந்துகள்தான். ஆனால் ‘50 யூனிட் இந்த விலைக்கு’ என்று ஒருவர் சொல்லும்போது எந்த மருந்தின் 50 என்று கேட்காவிட்டால், படியையும் மரக்காலையும் ஒன்றாக எண்ணிக்கொண்ட கதையாகிவிடும்.

சிறிய ஊர்களில் அதிகம் நடக்கக்கூடியது மீதி மருந்து. பொடியைக் கலக்கிய பிறகு 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று மருந்துத் தாள் சொல்கிறது. 100 யூனிட் குப்பியைத் திறந்து ஒருவருக்கு 40 போட்டால், தாளின்படி மீதி 60-ஐக் கொட்ட வேண்டும். முறையாக நடத்துபவர்கள் 50 யூனிட் குப்பி வாங்குகிறார்கள், அல்லது வீணாவதையும் விலையில் சேர்க்கிறார்கள். கொட்ட மனம் வராதவர்களிடம்தான் ‘இன்றைக்கே வந்தால் சலுகை’ கிடைக்கும் என்று இப்போது நினைக்கிறேன். என் முன்னால் வந்த நான்கு சிரிஞ்சும் எந்தக் கிழமை ஏற்றப்பட்டவை என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

போலி மருந்தும் உண்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலேயே 11 மாநிலங்களில் 22 பேர் இத்தகைய ஊசி போட்டுக்கொண்டு உடல்நலம் கெட்டதாக அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. போலி மருந்தோ, பயிற்சியோ உரிமமோ இல்லாத கையோ, சிகிச்சைக்குரிய இடமல்லாத வீடுகளோ அவற்றில் இருந்தன. அங்கேயே அப்படியென்றால், பேட்ச் எண்ணை எழுதாத ஒரு பில்லை நான் எந்த நம்பிக்கையில் கைப்பையில் போட்டுக்கொண்டேன்?

மனுவைப் பற்றிக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. நாம் கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதன் பிறகு மையத்திலிருந்து கூப்பிட்டு, ₹8,000 தருகிறோம், புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பேட்ச் எண்ணைக் கொடுங்கள், பிறகு பேசலாம் என்றேன். அந்த எண் இன்னும் வரவில்லை.

தை மாதம், பழைய மருந்தின் சுவடெல்லாம் போன பிறகு, திருச்சி மருத்துவரிடமே புருவ மத்திக்கு மட்டும் போட்டுக்கொண்டேன். குப்பியை என் கண் முன்னால் பிரித்தார். லேபிளில் ஹாலோகிராம் மின்னியது. சலைன் சிரிஞ்சின் ஊசியை மூடிக்குள் செலுத்தியதும், அவர் அழுத்தாமலேயே குப்பி சலைனைத் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம், இழுக்காவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாதாம். 20 யூனிட், யூனிட்டுக்கு ₹350, ஆக ₹7,000, வரி தனி. இரண்டு வாரம் கழித்து வந்து காட்டுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. குப்பி லேபிளின் ஒட்டுத் துண்டை என் பதிவுத் தாளில் ஒட்டி, யூனிட்டையும் தேதியையும் எழுதி, ஒரு நகலையும் கேட்காமலே கொடுத்தார். நான்காம் நாள் புருவம் சுளிக்க முயன்றேன், சுளிக்கவில்லை. சித்திரை கடைசியில் கோடு மெல்லத் திரும்பியது. மூன்று, நான்கு மாதம்தான் இதன் ஆயுள் என்பதால், தொடர்ந்து வேண்டுமென்றால் வருடத்துக்கு மூன்று முறையாவது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். எனக்கு அது வரி நீங்கலாக ₹21,000. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று தஞ்சாவூர் போயிருந்தேன். அந்த மையத்தின் வாசலில் இந்த ஆண்டு ஆடித் தட்டி ஏறிவிட்டது. அதே ₹12,999, அதே மூன்று பகுதி. நான்காவது பகுதி இலவசமாம்.