பவர் சேவர் பெட்டியும் பிஎல்டிசி ஃபேனும்: 2 வருட அனுபவம்

கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறதே என்று 2 வருடத்துக்கு முன்னால் பிளக்கில் செருகும் பவர் சேவர் பெட்டி ஒன்றை வாங்கினேன். செருகினால் போதும், பில் பாதியாகிவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. 3 மாதம் கழற்றவே இல்லை, தினமும் காலையில் ரீடிங் குறித்து வைத்தேன். எப்போதும் ஓடுகிற யூனிட்தான் ஓடியது.

கடைசியில் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு நிஜமான வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை, கொஞ்சம் சரிசெய்யும் என்பது உண்மை. மோட்டார் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஆம்பியர் இறங்குவதும் உண்மை, அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஆனால் வீட்டு பில் பொதுவாக ஆம்பியருக்கு வருவதில்லை, வாட் கணக்கில் நாம் செலவழிக்கும் யூனிட்டுக்குத்தான் வருகிறது, அதை இந்தப் பெட்டி தொடுவதே இல்லை. பவர் ஃபேக்டர் குறைந்தால் அபராதம் கட்டும் தொழிற்சாலைக்குக் கெப்பாசிட்டர் தேவை, நமக்கு இல்லை.

நீங்களே சோதிக்கலாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும், என் மீட்டரில் 3200 சிமிட்டல் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் பழைய ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டேன், 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல். பெட்டியைச் செருகினேன், அதே 15 விநாடி. அப்புறம் அதற்குப் பதில் பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில், குறைந்த மின்சாரத்தில் ஓடுவது) மாட்டியதும் 37 விநாடி ஆனது, அதாவது ஏறக்குறைய 30 வாட்.

இதுதான் நிஜமான சேமிப்பு. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கே மாதம் 19 யூனிட் மிச்சம், நான் 3 ஃபேன் மாற்றினேன். குறையும் இருக்கிறது: 14வது மாதம் ஒன்றில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, வாரண்டி இருந்ததால் தப்பித்தேன். ரிமோட் தொலைந்தால் வேகத்தை மாற்றுவது பெரிய தொல்லை, அதனால் சுவரிலேயே ஒரு ஹோல்டர் அடித்து வைத்துவிட்டேன். எப்போதாவது ஓடும் அறைக்கு இதை வாங்காதீர்கள், போட்ட காசு திரும்ப வெகுகாலம் ஆகும்.

மின் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக்கும் வாங்கினேன். அது தானாக எதையும் குறைக்காது, ஆனால் ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ் ராத்திரி முழுக்க 10 வாட் இழுப்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது. இப்போது படுக்கப் போகும் முன் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம்.